2023 டிராஃப்டில் டெட்ராய்ட் லயன்ஸ் செய்தது கெட்டிக்காரத்தனமா, குருட்டு அதிர்ஷ்டமா?

கேள்வி இதுதான்: "2023 என்எஃப்எல் டிராஃப்ட் நடந்த அன்று டெட்ராய்ட் லயன்ஸை எல்லாரும் கிண்டலடித்தார்கள். ஒரு வருடம் போனதும் அதே வாய்கள் அதை ஆகச்சிறந்த டிராஃப்ட் என்று புகழ்ந்தன. ரசிகராக உங்கள் கருத்து என்ன? முதலில் திட்டியவர்கள் பேச்சில் ஏதாவது நியாயம் இருந்ததா?"

நியாயம் இருந்தது. அதில் பாதி இன்றைக்கும் செல்லும். ஆனால் அவர்கள் திட்டிய இடம் ஒன்று, லயன்ஸ் ஜெயித்த இடம் வேறு. முதல் நாள் இரவு எடுத்த இரண்டு பேரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அணியைத் தூக்கி நிறுத்தியது மறுநாள் மாலை எடுத்த இரண்டு பேர் என்பது என் கட்சி.

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகை அதிகம் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் காட்டி ஆளைத் தூக்கும் இடமில்லை. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன சீசனில் கடைசியில் கிடந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்கு ரவுண்டின் கடைசி வாய்ப்பு. ஏழு ரவுண்டு, மூன்று நாள். வரிசையில் இருக்கும் இடத்தை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருடத்து இடத்தைக்கூட இன்றைக்கே அடகு வைக்கலாம். சம்பளத்தில் பெரிதாகப் பேரம் கிடையாது. 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது. நான்கு வருட ஒப்பந்தம். முதல் ரவுண்டு ஆள் என்றால் ஐந்தாவது வருடமும் நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு.

சண்டையின் வேர் இந்தச் சம்பள முறைதான். 12ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கோ, அவரைக் காத்து நிற்கும் டேக்கிளோ, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கோ, சம்பளம் ஒன்றே. ஆனால் வெளிச்சந்தையில் இந்த மூவரின் விலையும் ஒன்றல்ல. 2023இல் அனுபவமுள்ள நல்ல டேக்கிளுக்கு வருடத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் ஆனது. நல்ல ரன்னிங் பேக் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தார். எனவே முதல் ரவுண்டில் விலை உயர்ந்த வேலைக்கு ஆள் எடு, விலை குறைந்த வேலைக்குப் பின்னால் பார்த்துக்கொள் என்பதே கணக்குப் பிள்ளைகளின் வேதம்.

லயன்ஸ் என்ன செய்தது? 12ஆவது இடத்தில் ஜாமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக். 18ஆவது இடத்தில் ஜாக் கேம்ப்பெல் என்ற நடு லைன்பேக்கர், தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவர். வேதத்தின்படி இந்த இரண்டும்தான் முதல் ரவுண்டில் தொடவே கூடாத வேலைகள். அதிலும் அந்த மார்ச் மாதம்தான் சிகாகோவிலிருந்து டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை மூன்று வருடத்துக்கு 1.8 கோடி டாலர் வரை பேசி அழைத்து வந்திருந்தார்கள். ஏற்கெனவே டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் வேறு இருந்தார். கிப்ஸை எடுத்த கையோடு ஸ்விஃப்டை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். கிப்ஸின் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 1.78 கோடி டாலர், அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 45 லட்சம். சந்தையில் 60 லட்சத்துக்கு மான்ட்கோமரி கிடைக்கிறார் என்றால் இதில் மிச்சம் என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதானே.

கேம்ப்பெல் விஷயம் இன்னும் மோசம். அவரை 18ஆவதாக எடுத்த பிறகு, அவர் ஆடும் அதே வேலைக்கு அடுத்த ஆளை வேறொரு அணி எடுத்தது மூன்றாம் ரவுண்டில்தான். இரண்டாம் ரவுண்டு முழுக்க ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்படியென்றால் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே பின்னால் கிடைத்திருப்பாரோ என்ற எரிச்சல் வரத்தானே செய்யும். பயிற்சியாளர் டான் கேம்ப்பெல்லுக்கும் இவருக்கும் உறவு ஏதுமில்லை, பெயர்ப் பொருத்தம்தான். அன்றைய இரவு அதற்கும் சேர்த்துத்தான் கேலி நடந்தது.

இதில் லயன்ஸ் ரசிகனின் வயிற்றெரிச்சல் தனி ரகம். நான் இருப்பது டெட்ராய்ட் புறநகரில். கார் கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ட்ராய், நோவை, கேன்டன் பக்கம் நிறைய. நன்றி நாள் விருந்தன்று லயன்ஸ் ஆடுவது 1934இலிருந்து வழக்கம். எனவே கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கூட வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்த அணி தோற்பதைப் பார்த்திருப்பார். இந்த ஊர்க்காரனிடம் டிராஃப்ட் என்று சொன்னால் அவன் நினைவுக்கு வருவது பொது மேலாளராக மேட் மில்லன் இருந்த காலம். 2003, 2004, 2005 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் ரவுண்டில், எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்களையே எடுத்தார் மனிதர். 2003இல் இரண்டாவது ஆளாகச் சார்ல்ஸ் ராஜர்ஸ். அடுத்த அணி எடுத்தது ஆண்ட்ரே ஜான்சனை. 2005இல் பத்தாவதாக மைக் வில்லியம்ஸ். அடுத்த அணி எடுத்தது டிமார்கஸ் வேரை. ஆண்ட்ரே ஜான்சனும் வேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ராஜர்ஸும் மைக் வில்லியம்ஸும் ஒன்றுமில்லாமல் போனார்கள். 2007இல் நான்காவது முறையாக அதே வேலைக்கு ஆள் எடுத்தபோது வந்தவர் கால்வின் ஜான்சன். அவர் மேதை. ஆனால் மறு வருடம், 2008இல், அணி 16 ஆட்டமும் தோற்றது.

இன்னொன்றும் உண்டு. ரன்னிங் பேக் விஷயத்தில் டெட்ராய்டுக்குச் சொந்த அனுபவமே போதும். 1989இல் மூன்றாவது ஆளாக பேரி சாண்டர்ஸ் வந்தார். பத்து சீசனில் 15,269 கெஜம் ஓடினார். அந்த ஓட்டத்தை இன்றும் வீடியோவில் பார்த்து வாய் பிளக்கிறோம். அந்தப் பத்து வருடத்தில் லயன்ஸ் வென்ற பிளேஆஃப் ஆட்டம் எத்தனை என்றால், ஒன்று. கடைசியில் மனிதர் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஓடுபவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவனை மட்டும் வைத்து ஒன்றும் ஆகாது என்பதை இந்த ஊரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

சரி, இப்போது மறுபக்கம். கிப்ஸை 12இல் எடுத்ததைத் தனியாகப் பார்ப்பதுதான் முதல் கோளாறு. லயன்ஸிடம் அன்று காலை இருந்தது ஆறாவது இடம். அதையும் 81ஆவது இடத்தையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, 12, 34, 168 என்று மூன்று இடங்களை வாங்கினார்கள். இந்த மாதிரிப் பேரத்துக்கு ஒரு பழைய விலைப்பட்டியல் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டல்லாஸ் கவ்பாய்ஸ் போட்டது. முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். அதன்படி 6ஆவது இடம் 1,600, 81ஆவது இடம் 185, கொடுத்தது 1,785. 12ஆவது இடம் 1,200, 34ஆவது இடம் 560. அதுவே 1,760 ஆகிறது. 168ஆவது இடத்துக்கு ஒரு இருபத்துச் சொச்சம். கூட்டிப் பாருங்கள், தராசு முள் நடுவில் நிற்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த 34ஆவது இடத்தில் வந்தவர்தான் சாம் லபோர்ட்டா.

எனவே 'ஆறாவது இடத்தில் இருந்துகொண்டு ரன்னிங் பேக்கா எடுத்தாய்' என்று கேட்பது பாதிக் கேள்வி. முழுக் கேள்வி இதுதான்: ஆறாவது இடத்தில் ஒருவரும் மூன்றாம் ரவுண்டில் ஒருவரும் வேண்டுமா, அல்லது கிப்ஸும் லபோர்ட்டாவும் வேண்டுமா? அரிசோனா அந்த ஆறாவது இடத்தில் எடுத்தது பாரிஸ் ஜான்சன் என்ற டேக்கிளை. நல்ல ஆட்டக்காரர். அரிசோனா ரசிகர்கள் வருத்தப்படவில்லை. ஆனால் லயன்ஸிடம் ஏற்கெனவே பெனே சூவல், டெய்லர் டெக்கர் என்று இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

அந்த ஆறாவது இடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கதையில் ருசியான பகுதி அது. 2021 தொடக்கத்தில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராக வந்தார். அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். வந்ததும் முதல் வேலையாக, பன்னிரண்டு வருடம் டெட்ராய்டில் மாரடித்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டைத் தன் பழைய அணிக்கே அனுப்பினார். பதிலுக்கு இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், 2021இன் மூன்றாம் ரவுண்டு இடம், 2022, 2023 இரண்டு வருடத்தின் முதல் ரவுண்டு இடங்கள். ஸ்டாஃபோர்ட் போன முதல் வருடமே ராம்ஸ் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்றது. இங்கே பலர் அழுதே விட்டார்கள், சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து. அதனால் 2022இல் கிடைத்தது ரவுண்டின் கடைசி இடம், 32. ஆனால் அதற்கடுத்த சீசனில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்தது. 2023இல் கையில் விழுந்தது ஆறாவது இடம். ராம்ஸ் இவ்வளவு மோசமாக ஆடும் என்று 2021இல் எந்தக் கொம்பனும் கணித்திருக்க முடியாது. அதிர்ஷ்டம் என்ற சொல்லை இந்த இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இப்போது 2024 ஜனவரி 14ஆம் தேதிக்கு வாருங்கள். லயன்ஸின் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் பிளேஆஃப் ஆட்டம். எதிரணி ராம்ஸ், குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட். லயன்ஸ் 24-23 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. 32 வருடத்தில் முதல் பிளேஆஃப் வெற்றி. லயன்ஸ் போட்ட மூன்று டச்டவுனில் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது) ஒன்று மான்ட்கோமரி, ஒன்று கிப்ஸ், ஒன்று லபோர்ட்டா. அதாவது ஸ்டாஃபோர்டைக் கொடுத்து வாங்கிய இடத்திலிருந்து வந்த இருவர், ஸ்டாஃபோர்டின் கண்ணெதிரே ஆளுக்கொன்று போட்டார்கள். லபோர்ட்டா அதற்கு முந்தைய வாரம்தான் முழங்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வெளியே போனவர். அன்று இறங்குவாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

லபோர்ட்டாவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். டைட் எண்ட் என்பது இரட்டை வேலை: ஒரு ஆட்டத்தில் எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், அடுத்த ஆட்டத்தில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் கல்லூரியிலிருந்து வருவது அபூர்வம். வந்தாலும் தேற இரண்டு மூன்று வருடமாகும். அந்த வருடம் நோட்டர் டேமின் மைக்கேல் மேயரைத்தான் பலர் உயர்வாக வைத்திருந்தார்கள். லயன்ஸ் அவரை விட்டுவிட்டு அயோவாவின் லபோர்ட்டாவை எடுத்தது. மறு நிமிடம், 35ஆவது இடத்தில், மேயரை ரெய்டர்ஸ் கொத்திக்கொண்டது. முதல் வருடத்திலேயே லபோர்ட்டா 86 பந்து பிடித்தார். 889 கெஜம், 10 டச்டவுன். அறிமுக சீசனில் ஒரு டைட் எண்ட் பிடித்த பந்துகளில் அன்றைக்கு அதுதான் சாதனை. மறு வருடமே ரெய்டர்ஸின் பிராக் பவர்ஸ் அதை முறியடித்தார் என்பது வேறு கதை. இந்த வேலைக்கு முன்பிருந்த டி.ஜே. ஹாக்கன்சனை 2022 நவம்பரில், நடு சீசனில், அதுவும் பக்கத்துப் பகையாளி மினசோட்டாவுக்கே விற்றிருந்தார் ஹோம்ஸ். அன்றைக்கு அதற்கும் வசவு வாங்கினார்.

அடுத்தது பிரையன் பிராஞ்ச், 45ஆவது இடம். அலபாமாவில் ஆடியவர். முதல் ரவுண்டில் போவார் என்று எழுதப்பட்டவர். 40 கெஜ ஓட்டத்தில் கொஞ்சம் மெதுவாக ஓடினார், 4.58 விநாடி. அதனால் சரிந்துகொண்டே வந்தார். லயன்ஸ் 48இல் காத்திருந்தது, பொறுக்கவில்லை. கிரீன் பே அணிக்கு ஐந்தாம் ரவுண்டு இடம் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து மூன்று படி ஏறி அவரை எடுத்தது.

இவரை வைத்து ஒரு சின்ன விளக்கம். பழைய புத்தகத்தில் தடுப்பாட்டத்தின் பின்வரிசையில் நான்கு பேர்தான். இன்றைய ஆட்டத்தில் எல்லா அணியும் மூன்று ரிசீவர்களை இறக்கிப் பந்தை எறிவதால், பாதி நேரத்துக்கு மேல் ஐந்தாவது ஆள் ஒருவர் உள்ளே நிற்கிறார். நிக்கல் என்பார்கள். இவர் சின்னப் பையன்கள் போல ஓடவும் வேண்டும், பெரியவர்களை முட்டவும் வேண்டும். பட்டியலில் 'உபரி ஆள்' என்றிருந்தாலும் உண்மையில் முழுநேர வேலை. விலைப்பட்டியல்கள் இந்த வேலையை மலிவாகத்தான் வைத்திருந்தன. லயன்ஸ் அதை முழுநேர வேலையாகவே பார்த்தது.

2023 செப்டம்பர் 7, சீசனின் முதல் ஆட்டம், கன்சாஸ் சிட்டி மைதானம். நடப்புச் சாம்பியன்கள் அவர்கள், 14-7 என்று முன்னிலையில் இருக்கிறார்கள். பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து கடாரியஸ் டோனியின் கையில் பட்டு எகிறியது. பிராஞ்ச் அந்த நேரத்தில் அங்கே இருந்தார். காற்றிலேயே பிடித்து 50 கெஜம் ஓடி டச்டவுன். அவருடைய முதல் என்எஃப்எல் ஆட்டம் அது. லயன்ஸ் 21-20 என்று ஜெயித்தது. டோனி பந்தை நழுவவிட்டது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பந்து எகிறுவதற்கு முன்பே பிராஞ்ச் டோனியை நோக்கி ஓடி வந்துகொண்டிருக்கிறார். சும்மா நின்ற இடத்தில் கனி விழவில்லை. மெதுவான கால், வேகமான கண்.

கிப்ஸைப் பற்றி என்ன சொல்வது? ஆட்டக்காரராக அவர் மேல் ஒரு குறையும் இல்லை. முதல் வருடம் 945 கெஜம், இரண்டாம் வருடம் 1,412. 2024 சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில், 2025 ஜனவரி 5 அன்று, மினசோட்டாவுக்கு எதிராக நான்கு டச்டவுன் போட்டு 31-9 என்று முதலிடத்தை வாங்கிக் கொடுத்தார். மான்ட்கோமரி அன்று காயத்தால் இல்லை. முழுப் பாரத்தையும் ஒற்றை ஆளாகத் தூக்கினார். அவர் பக்கவாட்டில் திரும்பும்போது வேகம் குறைவதே இல்லை. மடக்க வருபவன் கணக்குப் போட்ட இடத்துக்கு அவன் போய்ச் சேரும்போது கிப்ஸ் அங்கே இல்லை. பார்க்கப் பரவசம்.

ஆனால் பரவசம் வேறு, கணக்கு வேறு. அதே இடத்தில், எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலெஸ் கிடைத்திருப்பார். 17ஆவதாக நியூ இங்கிலாந்து எடுத்தது. முதல் வருடம் காயத்தில் போனாலும் 2024இல் லீகின் ஆகச்சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் வந்தார். இடம் மாற்றாமல் ஆறிலேயே இருந்திருந்தால் ஜேலன் கார்ட்டர் என்ற தடுப்பு வரிசை ராட்சதனை எடுத்திருக்கலாம். களத்துக்கு வெளியே இருந்த கேள்விகளால் சில அணிகள் தயங்க, ஒன்பதாவது இடத்தில் ஈகிள்ஸ் எடுத்தது. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்து ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வென்றபோது அவர் அந்த வரிசையின் நடுவில் இருந்தார்.

இது ஏட்டுச் சுரைக்காய் வாதம் இல்லை. லயன்ஸ் எங்கே தோற்றது என்று பாருங்கள். 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாநாட்டு இறுதி ஆட்டம் (சூப்பர் பவுலுக்கு முந்தையது). பாதி நேரத்தில் 24-7 என்று முன்னிலை. சூப்பர் பவுலுக்கு அரை ஆட்டம் பாக்கி. மூன்றாவது கால்பகுதியில் எதிரணி ஆழமாக எறிந்த ஒரு பந்தை இந்த ஊர் மறக்காது. அது எங்கள் கார்னர்பேக் கிண்டில் வில்டரின் முகக்கவசத்தில் பட்டு எகிறி, பின்னால் வந்த பிராண்டன் ஐயுக்கின் கையில் போய் உட்கார்ந்தது, 51 கெஜம். கொஞ்ச நேரத்தில் காஃப்புக்கும் கிப்ஸுக்கும் கைமாற்றம் சரியாக அமையாமல் பந்து தரையில் விழ, அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 34-31 என்று தோல்வி. அன்று வெளிவரிசையில் முதல்தர கார்னர் ஒருவர் இருந்திருந்தால் என்று யோசிக்காத லயன்ஸ் ரசிகன் கிடையாது. ஹோம்ஸே அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். அடுத்த டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வும் கார்னர்பேக்: டெரியன் ஆர்னல்ட், எனிஸ் ரேக்ஸ்ட்ரா.

அந்த டிராஃப்ட் நடந்ததும் டெட்ராய்டில்தான். மூன்று நாளில் 7,75,000 பேருக்கு மேல் வந்து போனார்கள், அதுவரை நடந்த டிராஃப்டுகளிலேயே அதிகம். தோற்ற அணிக்கு வந்த கூட்டம் மாதிரியே இல்லை.

மறு வருடம் 15 வெற்றி, 2 தோல்வி. அதற்குள் காயப்பட்டியலே ஒரு தனி அணி போல வளர்ந்துவிட்டது. எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஏய்டன் ஹட்சின்சன் அக்டோபரில் கால் முறிந்து போனார். டிசம்பரில் நடுவரிசையின் அலிம் மெக்நீல் முழங்கால் போய்ப் படுத்தார். ஜனவரி 18 அன்று பிளேஆஃபில் வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் சாவகாசமாக நின்று எறிந்தார், 45-31 என்று தோல்வி. ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்ததும் எங்கள் பக்கத்துத் தவறுதான். ஆனால் கார்ட்டர் போன்ற ஒருவர் நடுவில் இருந்திருந்தால் டேனியல்ஸுக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்காது. முதலில் திட்டியவர்களின் வாதத்தில் பாதி செல்லும் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஜாக் கேம்ப்பெல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். முதல் வருடம் தடுமாற்றம். 2024இல் 131 டேக்கிள் (பந்தோடு வருபவரை மடக்கி வீழ்த்துவது). பக்கத்தில் ஆடிய அனுபவசாலி அலெக்ஸ் ஆன்சலோன் காயத்தில் போனபோது அந்த நடு இடம் ஆட்டம் காணவில்லை. 18ஆவது இடத்துக்குத் தகுமா என்றால், தகும். அவசரப்பட்டு எடுத்தார்களா என்றால், ஆமாம் என்றுதான் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இந்த நால்வரிலும் ஒரு ஒற்றுமை கவனித்தீர்களா? கிப்ஸும் பிராஞ்சும் அலபாமா. கேம்ப்பெல்லும் லபோர்ட்டாவும் அயோவா. இரண்டு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டிரண்டு பேர். அலபாமாவில் பயிற்சியே என்எஃப்எல் ஆட்டத்தைவிடக் கடுமை என்பார்கள். அயோவா பந்தை எறியத் தெரியாத அணி என்று பெயர் வாங்கியது, ஆனால் அங்கே அடிப்படைப் பாடத்தில் மட்டும் கோட்டை விடமாட்டார்கள். ஹோம்ஸும் டான் கேம்ப்பெல்லும் தேடுவது முதல் நாளே இறக்கிவிடக்கூடிய ஆளை. நான்கு வருடத்தில் இவன் என்ன ஆவான் என்ற கனவை அவர்கள் பின் ரவுண்டுகளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

அந்தக் கனவுகள் பலித்ததா என்று கேட்டால், அதே 2023 டிராஃப்டின் மீதியைப் பார்க்க வேண்டும். புகழ்பவர்கள் இந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவார்கள். ஹாக்கன்சனை விற்று வாங்கியது 55ஆவது இடம். அதைக் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்துக் கீழே இறங்கினார்கள்; அவர்கள் அதில் ரஷீ ரைஸை எடுத்தார்கள். கிடைத்த 63ஐ டென்வருக்குக் கொடுத்து மறுபடியும் இறங்கினார்கள். அவர்கள் மார்வின் மிம்ஸை எடுத்தார்கள். இருவரும் உருப்படியான ரிசீவர்கள். லயன்ஸ் கடைசியில் 68ஆவது இடத்தில் ஹெண்டன் ஹூக்கர் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அப்போதே வயது 25, முழங்கால் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தவர். டெட்ராய்டில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்க ஆளாக ஆடாமல் அணியை விட்டுப் போனார். அப்புறம் 96ஆவது இடத்தில் பிராட்ரிக் மார்ட்டின், மேலே ஏறிப் போய் எடுத்த ஆள். விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். அரிசோனா பேரத்தில் வந்த அந்த 168ஆவது இடமும் இவரை எடுக்கக் கொடுத்த விலையில் போய்விட்டது.

ஹோம்ஸின் குணம் இதுதான். ஒருவரைப் பிடித்துவிட்டால் விலை பார்ப்பதில்லை. 2021இல் ஏழாவது இடத்தில் சூவல் இன்னும் இருக்கிறார் என்று தெரிந்ததும் அறைக்குள் அவர் கத்திக் குதித்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். சூவல் விஷயத்தில் அது பொன்னாக அமைந்தது. அதே வருடம் நான்காம் ரவுண்டில், 112ஆவது இடத்தில், ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் மனப்பாடமாக ஒப்பிப்பார் அந்த ஆள், அவ்வளவு கோபம். ஆனால் 2024இல் ஜியோவானி மானு என்ற, கனடாவில் மட்டுமே ஆடிய வாட்டசாட்டமான பையனுக்காக அடுத்த வருடத்து மூன்றாம் ரவுண்டு இடத்தைக் கொடுத்தார். 2025இல் ஐசக் டெஸ்லா என்ற ரிசீவரை 70ஆவது இடத்தில் எடுக்க, 2026இன் இரண்டு மூன்றாம் ரவுண்டு இடங்களைத் தூக்கிக் கொடுத்தார். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. கெர்பி ஜோசஃப் கிடைத்தது மூன்றாம் ரவுண்டில்தான், 2022இல், 97ஆவது இடம். 2024இல் 9 முறை பந்தைப் பறித்து லீகிலேயே முதலில் வந்தார். அப்படிப்பட்டவர்கள் வரும் ரவுண்டைத்தான் இவர் சில்லறை மாதிரி இறைக்கிறார்.

ஆகவே கெட்டிக்காரத்தனமா அதிர்ஷ்டமா என்ற உங்கள் கேள்விக்கு இடம்வாரியாகத்தான் பதில் சொல்ல முடியும். ஆறாவது இடம் கையில் விழுந்தது அதிர்ஷ்டம். அதை உடைத்து லபோர்ட்டாவாக மாற்றியது கெட்டிக்காரத்தனம். பிராஞ்ச் 45 வரை சரிந்தது அதிர்ஷ்டம், அவருக்காக மூன்று படி ஏறியது கெட்டிக்காரத்தனம். கேம்ப்பெல் அவசரம், ஆனால் நஷ்டமில்லை. மூன்றாம் ரவுண்டு இரண்டும் வீண்.

கிப்ஸ் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. 2023இல் ரன்னிங் பேக் சந்தை தரையில் கிடந்தது, அதை வைத்துத்தான் எல்லாரும் திட்டினார்கள். பிறகு சாக்வான் பார்க்லி 2,000 கெஜத்துக்கு மேல் ஓடி ஈகிள்ஸோடு கோப்பையும் வென்றதும், 2025 மார்ச்சில் வருடத்துக்கு 2.06 கோடி டாலர் என்று ஒப்பந்தம் வாங்கினார். அந்த விலையோடு ஒப்பிட்டால் 45 லட்சத்துக்கு ஆடும் கிப்ஸ் கொள்ளை லாபம். ஆனால் அந்த விலையை நாளைக்கு அவரும் கேட்பார். காஃப், சூவல், செயின்ட் பிரவுன் மூவருக்குமே ஏற்கெனவே பெரிய தொகை எழுதியாகிவிட்டது. பிராஞ்சும் லபோர்ட்டாவும் இரண்டாம் ரவுண்டு என்பதால் அவர்களுக்கு ஐந்தாம் வருட உரிமை கிடையாது. கிப்ஸுக்கு உண்டு. என்னிடம் கேட்டால், கிப்ஸை அந்த ஐந்து வருடமும் ஓடவிட்டு, இரண்டாம் ஒப்பந்தப் பணத்தை முதலில் பிராஞ்சுக்கும் அடுத்து லபோர்ட்டாவுக்கும் கொடுப்பேன். ஹோம்ஸ் அப்படிச் செய்வார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.